ஆங்கில மோடல் துணைவினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேன், மே, மஸ்ட், ஷுட் எல்லாம் சின்னச் சொற்கள்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வேண்டுகோள் கட்டளையாகிவிடும், ஊகம் உறுதிமொழியாகிவிடும். ஆங்கிலத்தை ஓரளவு நன்றாகவே எழுதுகிறவர்களும் தடுமாறும் இடம் இது. ஆங்கிலம் கற்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே.

மோடல் துணைவினைகள் எவை?

முதன்மை வினைக்கு முன்னால் நின்று திறன், அனுமதி, கட்டாயம், ஊகம் போன்றவற்றைக் காட்டும் துணைச்சொற்களே மோடல்கள். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற ஒன்பதும்தான் அசல் மோடல்கள். ஆட் டு, நீட், டேர், யூஸ்ட் டு, ஹேட் பெட்டர், ஹேவ் டு, பி ஏபிள் டு ஆகியவை இவற்றின் வேலையில் ஒரு பகுதியைச் செய்பவை. அவற்றில் சில இலக்கண நடத்தையில் மோடல்களை ஒத்திருக்கும், சில சாதாரண வினைகளைப் போலவே நடந்துகொள்ளும்.

மற்ற வினைகளிலிருந்து இவை எப்படி வேறுபடுகின்றன?

எழுவாய் ஹி, ஷி என்றிருந்தாலும் கடைசியில் 'ஸ்' சேராது: "ஹி கேன் ட்ரைவ்." அடுத்து வரும் வினை மாறாத மூல வடிவில் நிற்கும், நடுவில் 'டு' வராது. "ஐ மஸ்ட் டு கோ" என்பது தவறு. "ஐ மஸ்ட் கோ" என்பதே சரி. கேள்வி கேட்க 'டூ' தேவையில்லை, மோடலே முன்னால் நகர்ந்துவிடும்: "கேன் யூ ட்ரைவ்?" எதிர்மறைக்கு 'நாட்' நேராக ஒட்டிக்கொள்ளும்.

'டு' சேர்த்த வடிவமோ 'இங்' வடிவமோ மோடல்களுக்குக் கிடையாது. அதனால்தான் "ஐ வில் கேன் கம்" என்று சொல்ல வழியில்லை. "ஐ வில் பி ஏபிள் டு கம்" என்று சுற்றிப்போக வேண்டியிருக்கிறது. இந்த மாற்றுவழியையும் மூலச்சொல்லையும் ஒன்றாகக் கலந்து "ஐ கேன் ஏபிள் டு கம்" என்று சொல்வது நம்மிடையே மிகப் பரவலான பிழை. "ஐ கேன் கம்" அல்லது "ஐ ஆம் ஏபிள் டு கம்", இரண்டில் ஒன்று போதும்.

ஒரே மோடலுக்கு இத்தனை பொருள்கள் ஏன்? எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

இந்தக் கேள்விக்கான பதில் பிடிபட்டால் மீதிப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பட்டியல் தருகின்றன: கேனுக்கு நான்கு பயன், மஸ்ட்டுக்கு மூன்று, வுட்டுக்கு ஆறு. பட்டியல் தேர்வு வரைக்கும் நிற்கும், பேசும்போது கைகொடுக்காது.

பட்டியலை விட்டுவிட்டு இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "யூ மஸ்ட் பி வெரி கேர்ஃபுல்." ஏணியில் ஏறப்போகிறவரிடம் சொன்னால், 'ரொம்ப கவனமா இருக்கணும்' என்று பொருள். பல வருடமாக ஒரு கீறல்கூட விழாமல் கண்ணாடிப் பொருட்களைப் பாதுகாத்து வருபவரிடம் வியந்து சொன்னால், 'நீங்க ரொம்ப கவனமானவராத்தான் இருக்கணும்' என்று பொருள். முதலாவது ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்கிறது. இரண்டாவது, உண்மை என்னவாக இருக்கும் என்று பேசுபவர் போடும் கணக்கைச் சொல்கிறது. ஏறக்குறைய எல்லா மோடல்களுக்கும் இந்த இரண்டு முகங்கள் உண்டு: செயலைப் பற்றியது ஒன்று, கணிப்பைப் பற்றியது இன்னொன்று.

நமக்கு இது புதிதே இல்லை. மேலே கொடுத்த தமிழ் வாக்கியங்கள் இரண்டிலும் 'ணும்' தான் வருகிறது. 'அவர் வரலாம்' என்றால் அவர் வருவதற்கு அனுமதி உண்டு என்றும் கொள்ளலாம், அவர் வர வாய்ப்பிருக்கிறது என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்து 'ஹி மே கம்' என்பதும் அதே இரட்டைப் பொருளைத்தான் தாங்குகிறது. தமிழில் நீங்கள் தடுமாறாமல் பிரித்துக்கொள்வதை ஆங்கிலத்திலும் செய்ய முடியும்.

மொழியியலாளர்கள் இதை எபிஸ்டெமிக், டியான்டிக், டைனமிக் என்று மூன்றாகப் பிரிப்பார்கள்: கணிப்பு, கடமையும் அனுமதியும், ஒருவரின் சொந்தத் திறனும் விருப்பமும். அன்றாடப் பயன்பாட்டுக்கு முதல் இரண்டைப் பிரித்தறியத் தெரிந்தாலே போதும் என்பது என் கருத்து.

கேன், குட், பி ஏபிள் டு: எது எப்போது?

நிகழ்காலத் திறனுக்குக் கேன். தமிழில் 'முடியும்' வரும் இடத்திலும் 'தெரியும்' வரும் இடத்திலும் கேன் பொருந்தும். 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பது "ஐ கேன் ஸ்விம்". பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'அறிதல்' என்றுதான் பொருள் இருந்தது.

சிக்கல் இறந்தகாலத்தில்தான். பொதுவாக இருந்த திறனுக்குக் குட் வரும்: "வென் ஐ வாஸ் யங், ஐ குட் ரன் ஃபாஸ்ட்." ஆனால் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முயன்று ஒன்றைச் சாதித்ததைச் சொல்லும்போது குட் போடக்கூடாது. 'நேற்று ஓடிப்போய் ரயிலைப் பிடித்துவிட்டேன்' என்பதற்கு "எஸ்டர்டே ஐ குட் கேட்ச் த ட்ரெய்ன்" சரிவராது. "ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த ட்ரெய்ன்" அல்லது "ஐ மேனேஜ்ட் டு கேட்ச் இட்" என்று சொல்ல வேண்டும். எதிர்மறையில் இந்தத் தடை இல்லை: "ஐ குடின்ட் கேட்ச் த ட்ரெய்ன்" முழுக்கச் சரி. பார்த்தல், கேட்டல், உணர்தல் போன்ற புலன் வினைகளுக்கும் விலக்கு உண்டு: "ஐ குட் ஹியர் எ நாய்ஸ்" என்று ஒரே ஒரு தடவை கேட்ட சத்தத்துக்கும் சொல்லலாம்.

அனுமதி கேட்கக் 'கேன் ஐ' என்பது தவறா?

தவறில்லை. 'மே ஐ' கூடுதல் பணிவு கொண்டது, முறைசார்ந்த இடங்களுக்குப் பொருத்தமானது. கேன் என்றால் திறன் மட்டுமே என்று சொல்லி மாணவர்களைத் திருத்துவது பழைய வகுப்பறை வழக்கம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்று அனுமதி கேட்கப் பெரும்பாலும் கேனைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மே, மைட் இரண்டுக்கும் வாய்ப்பின் அளவில் வேறுபாடு உண்டா?

மே என்றால் ஐம்பது சதவீதம், மைட் என்றால் முப்பது சதவீதம் என்று அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. அந்த எண்களை நம்பாதீர்கள். மைட் சற்றே தயக்கம் கூடியது என்பது உண்மைதான். ஆனால் அன்றாடப் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சில் மைட் இயல்பாக ஒலிக்கும், எழுத்தில் மே கூடுதலாக வரும்.

கவனிக்க வேண்டியது 'மே நாட்'. "விசிட்டர்ஸ் மே நாட் என்டர்" என்றால் பார்வையாளர்கள் நுழையக்கூடாது என்று ஒருவர் படிப்பார், நுழையாமலும் இருக்கலாம் என்று இன்னொருவர் படிப்பார். விதிகளை எழுதும்போது இந்த இரட்டைப் பொருளுக்கு இடம் தரக்கூடாது. தடை என்றால் "மஸ்ட் நாட்", வாய்ப்பு என்றால் "மைட் நாட்" என்று எழுதிவிட்டால் சந்தேகம் எழாது.

மஸ்ட், ஹேவ் டு, ஷுட் மூன்றும் 'வேண்டும்' தானே?

தமிழில் மூன்றுக்கும் 'வேண்டும்' போட்டுவிடலாம் என்பதால்தான் குழப்பம். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பேசுபவரிடமிருந்தே வந்தால் மஸ்ட் பக்கம் சாயும்: "ஐ மஸ்ட் கால் ஹர்" என்றால் கூப்பிட வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. வெளியிலிருந்து, விதியாகவோ சூழ்நிலையாகவோ வந்தால் ஹேவ் டு: "ஐ ஹேவ் டு வேர் எ யூனிஃபார்ம்." இந்தக் கோடு எப்போதும் தெளிவாக இருக்காது, அன்றாடப் பேச்சில் ஹேவ் டு இரண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறது, அமெரிக்க ஆங்கிலத்தில் இன்னும் கூடுதலாக. ஷுட் என்பது அறிவுரை, 'செய்தால் நல்லது' என்ற அளவில் நிற்கும். கேட்பவர் மறுக்க இடம் விட்டுப் பேச நினைத்தால் ஷுட்தான் சரி. சக பணியாளருக்கு "யூ மஸ்ட் சென்ட் திஸ் டுடே" என்று எழுதினால் அவருக்கு அது உத்தரவாகவே படும்.

அதே மஸ்ட், அன்பான அழைப்பிலும் வரும். "யூ மஸ்ட் விசிட் அஸ்" என்பதில் அதிகாரம் எதுவும் இல்லை. 'கண்டிப்பா வரணும்' என்று நாம் சொல்வதுபோல, செய்யப்போகிறவருக்கே நன்மை தரும் காரியம் என்பதால் அழுத்தம் உபசாரமாகிறது.

மஸ்ட்டுக்கு இறந்தகால வடிவம் கிடையாது. மஸ்ட் என்பதே ஒரு பழைய வினையின் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலத்துக்கு நகர்ந்த சொல். எனவே நேற்றைய கட்டாயத்துக்கு "ஐ ஹேட் டு கோ."

'மஸ்ட் நாட்' என்பதும் 'டோன்ட் ஹேவ் டு' என்பதும் ஒன்றா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

"யூ மஸ்ட் நாட் டேக் திஸ் மெடிசின்" என்றால் இந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது. "யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் மெடிசின்" என்றால் சாப்பிடத் தேவையில்லை, சாப்பிட்டால் தவறுமில்லை. உடன்பாட்டில் நெருங்கி நிற்கும் இரண்டு சொற்கள் எதிர்மறையில் இப்படி முற்றிலும் பிரிந்துவிடுகின்றன. காரணம், 'நாட்' எதை மறுக்கிறது என்பதில் இருக்கிறது. மஸ்ட் நாட் என்பதில் மறுக்கப்படுவது செயல்: சாப்பிடாமல் இருப்பது கட்டாயம். டோன்ட் ஹேவ் டு என்பதில் மறுக்கப்படுவது கட்டாயம்: கட்டாயமே இல்லை.

'வேண்டாம்' என்று நாம் சொல்வது இரண்டு பக்கமும் சாயும் சொல். அதனால் அதை அப்படியே மொழிபெயர்க்க முயலாதீர்கள். முதலில் மனதுக்குள் 'கூடாது' என்றோ 'தேவையில்லை' என்றோ பிரித்துக்கொள்ளுங்கள். கூடாது என்றால் மஸ்ட் நாட். தேவையில்லை என்றால் டோன்ட் ஹேவ் டு, அல்லது நீடின்ட்.

ஊகத்தைச் சொல்லும்போது மஸ்ட்டுக்கு எதிர்ச்சொல் எது?

கான்ட். "ஷி மஸ்ட் பி அட் ஹோம், த லைட்ஸ் ஆர் ஆன்" என்றால், விளக்கு எரிவதைப் பார்த்து அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறோம். இதற்கு எதிரானது "ஷி கான்ட் பி அட் ஹோம்", அதாவது இருக்கவே முடியாது. அமெரிக்க ஆங்கிலத்தில் "மஸ்ட் நாட் பி" என்றும் இந்த இடத்தில் கேட்கலாம். ஆனால் கான்ட் எங்கும் குழப்பமில்லாமல் புரியும்.

கணிப்பில் ஷுட் எங்கே வரும்?

கணக்குப்படி, திட்டப்படி நடக்க வேண்டியது என்று எதிர்பார்க்கும்போது. "த ட்ரெய்ன் ஷுட் பி ஹியர் பை நவ்" என்றால், இந்நேரம் வந்திருக்க வேண்டும், தவறியும் இருக்கலாம். மஸ்ட்டில் இந்தக் கதவு திறந்திருக்காது. ஒரு நுட்பம்: இந்த ஷுட் பெரும்பாலும் நாம் விரும்பும் விளைவுகளுக்கே வரும். 'நாம் தோற்றுவிடுவோம்' என்று கணிக்க "வி ஷுட் லூஸ்" என்று யாரும் சொல்வதில்லை. "வி வில் ப்ராபப்ளி லூஸ்" என்பார்கள்.

வில் எதிர்காலத்துக்கு மட்டும்தானா?

எதிர்காலம் அதன் வேலைகளில் ஒன்று, அவ்வளவே. தொலைபேசி ஒலிக்கும்போது "தட் வில் பி மை பிரதர்" என்றால், நிகழ்காலத்தைப் பற்றிய கணிப்பு. நாமும் 'அது அண்ணனாத்தான் இருக்கும்' என்று எதிர்கால வடிவத்திலேயே சொல்கிறோம். "ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்" என்பது வழக்கம்: மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பார். இங்கும் தமிழின் 'பார்' அதே வேலையைச் செய்கிறது.

மறுப்பிலும் இரு மொழிகளும் அழகாகப் பொருந்துகின்றன. "ஹி வோன்ட் லிசன்" என்றால் கேட்க மாட்டேன் என்கிறான். உயிரற்ற பொருளுக்கும் இதே பிடிவாதத்தை ஏற்றி "த டோர் வோன்ட் ஓபன்" என்கிறது ஆங்கிலம். 'கதவு திறக்க மாட்டேங்குது' என்று நாம் சொல்வதும் அதுவே.

வுட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

வில்லை ஒரு படி தள்ளி வைத்தால் வுட். காலத்தில் தள்ளி வைத்தால், அன்று சொன்ன எதிர்காலம்: "ஹி செட் ஹி வுட் கம்." நிஜத்திலிருந்து தள்ளி வைத்தால், கற்பனை: "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் ஹெல்ப்." பேசுபவர்களுக்கிடையே தள்ளி வைத்தால், பணிவு: "வுட் யூ க்ளோஸ் த டோர்?"

இறந்தகால வழக்கத்துக்கும் வுட் வரும், யூஸ்ட் டு போலவே. ஆனால் நிலைகளுக்கு வராது. 'முன்பு தினமும் நடந்துபோவோம்' என்பதற்கு "வி வுட் வாக் எவ்ரி டே" சரி. 'முன்பு என்னிடம் நாய் இருந்தது' என்பதற்கு "ஐ யூஸ்ட் டு ஹேவ் எ டாக்" மட்டுமே சரி.

நம்மிடம் பரவலாக உள்ள இரண்டு பழக்கங்களைக் கைவிட வேண்டும். ஒன்று, உறுதியான எதிர்காலத்துக்கு வுட் போடுவது: "ஐ வுட் பி கமிங் டுமாரோ" என்றால், கேட்பவர் 'ஆனால்...' என்று ஏதோ தொடரப்போவதாகக் காத்திருப்பார். "ஐ வில்" போதும். மற்றொன்று "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்". எழுத்தில் "இஃப் ஐ ஹேட் நோன்" என்பதே ஏற்கப்படும் வடிவம்.

ஷல் வழக்கொழிந்துவிட்டதா?

ஐ, வி ஆகியவற்றுக்கு ஷல், மற்றவற்றுக்கு வில் என்ற விதியைப் பலர் படித்திருப்பீர்கள். 1653-ல் கணிதவியலாளர் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இந்த விதி இடம்பெற்றது. இன்றைய பயன்பாட்டுக்கு அது தேவையில்லை. எல்லோருக்கும் வில் போடலாம்.

உயிரோடிருக்கும் இடம் கேள்வி. 'நான் வரட்டுமா?' என்றால் "ஷல் ஐ கம்?", 'போகலாமா?' என்றால் "ஷல் வி கோ?" தமிழின் 'ட்டுமா', 'லாமா' இரண்டையும் ஷல் ஒன்றே தாங்குகிறது.

சட்டத்திலும் ஒப்பந்தங்களிலும் ஷல் கடமையைக் குறிக்கும். அங்கேயும் இது தேய்ந்துவருகிறது. 2007-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள், பொருள் மயங்குகிறது என்று ஷல்லை நீக்கி மஸ்ட், மே போன்றவற்றுக்கு மாறின.

தொழில்நுட்ப ஆவணங்களில் இச்சொற்களுக்குத் தனிப் பொருள் உண்டா?

உண்டு, அதுவும் எழுதி வைத்த வரையறையோடு. இணைய நெறிமுறைகளுக்காக 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில், மஸ்ட் என்றால் விலக்கே இல்லாத கட்டாயம்; ஷல்லும் அதே பொருள்தான். ஷுட் என்றால், தக்க காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவுகளை முழுக்க எடைபோட்ட பிறகே விலக வேண்டும். மே என்றால் உண்மையிலேயே விருப்பம்போல். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலைகளில் நிபந்தனைக்கு ஷல், பரிந்துரைக்கு ஷுட், அனுமதிக்கு மே, இயலக்கூடியதற்குக் கேன். மென்பொருள் துறையில் எழுதுகிறவர்கள் தாங்கள் எந்த மரபில் எழுதுகிறோம் என்பதை ஆவணத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

'ஷுட் ஹேவ்', 'மஸ்ட் ஹேவ்' போன்றவை எதற்கு?

மோடலை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோக. மோடலுக்குப் பின் ஹேவ், அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம். "யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ": சொல்லியிருக்கணும், சொல்லவில்லை. "ஹி மஸ்ட் ஹேவ் ஃபர்காட்டன்": மறந்துதான் போயிருப்பார். "ஷி மே ஹேவ் லெஃப்ட்": கிளம்பியிருக்கலாம், தெரியவில்லை. "வி குட் ஹேவ் வன்": ஜெயித்திருக்கலாம், ஜெயிக்கவில்லை என்பது பெரும்பாலான பொருள்.

'நீடின்ட் ஹேவ்' தனியாகக் கவனிக்கத்தக்கது. "யூ நீடின்ட் ஹேவ் கம்" என்றால் வந்துவிட்டீர்கள், வந்திருக்கத் தேவையில்லை. "யூ டிடின்ட் நீட் டு கம்" என்றால் தேவையில்லாமல் இருந்தது. வந்தாரா இல்லையா என்பது சூழலைப் பொறுத்தது.

பணிவாகக் கேட்க எது சிறந்தது?

"கேன் யூ" தெரிந்தவர்களிடம். "குட் யூ", "வுட் யூ" அறிமுகமில்லாதவர்களிடமும் அலுவல் மடல்களிலும். இறந்தகால வடிவம் பணிவைத் தருவதற்குக் காரணம் தூரம்தான்: கேள்வியை நிஜத்திலிருந்து சற்றே விலக்கி, கேட்பவர் மறுப்பதற்கு வசதி செய்து தருகிறது. பதில் சொல்லும்போது அந்தத் தூரம் வேண்டாம். "குட் யூ ஹெல்ப் மீ?" என்றால் "எஸ், ஐ கேன்" அல்லது "ஆஃப் கோர்ஸ்" என்று சொல்ல வேண்டும், "எஸ், ஐ குட்" என்றால் அரைமனம் போலப் படும்.

ஹேட் பெட்டர் என்பது பணிவான அறிவுரையா?

பெயரில் 'பெட்டர்' இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். "யூ ஹேட் பெட்டர் லீவ்" என்பதில் 'இல்லாவிட்டால்...' என்ற எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ சொல்லத் தகாதது.

இரண்டு மோடல்களைச் சேர்க்கலாமா?

பொது ஆங்கிலத்தில் கூடாது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் "ஐ மைட் குட் டூ இட்" போன்ற இரட்டை மோடல்கள் பேச்சுவழக்கில் உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் தவிருங்கள்.

உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

குட், ஷுட், வுட் மூன்றிலும் எழுத்தில் இருக்கும் 'ல்' ஒலிக்காது. ஷுட், வுட் இரண்டிலும் ஒரு காலத்தில் ஒலித்த 'ல்' பின்னர் மௌனமானது. குட்டில் அது ஒலித்ததே இல்லை. மற்ற இரண்டையும் பார்த்து எழுத்தில் மட்டும் சேர்க்கப்பட்டது.

கேன், கான்ட் வேறுபாடு இதைவிட முக்கியம். உடன்பாட்டுக் கேன் வாக்கியத்தின் நடுவில் 'கன்' என்று மெலிந்து ஒலிக்கும். எதிர்மறை எப்போதும் அழுத்தமாக, முழு உயிரொலியோடு வரும். அமெரிக்கர் ஒருவர் பேசும்போது கடைசி 'ட்' காதில் விழவில்லை என்றால் அந்த அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாமோ உடன்பாட்டுக் கேனையும் அழுத்திச் சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்கு அது மறுப்பாகப் படுவதுண்டு. "ஐ கன் டூ இட்" என்று 'டூ' மேல் அழுத்தம் வைத்துச் சொல்லிப் பழகுங்கள்.

'ஷுட் ஆஃப்' என்று சிலர் எழுதுகிறார்களே, சரியா?

தவறு. 'ஷுட் ஹேவ்' வேகமாகப் பேசும்போது 'ஷுடவ்' என்று சுருங்கி, காதுக்கு 'ஆஃப்' போலக் கேட்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதிகம் செய்யும் எழுத்துப்பிழை இது. இலக்கணம் வழியாகக் கற்ற நம்மில் பலர் இதில் மாட்டுவதில்லை.